துப்பாக்கிக்குள் ஒளிந்திருக்கும் பெயர்

தோட்டத் தொழிலாளர் பகுதியில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று வாசகத் தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். சம்பளம், லீவு, சேமநிதி, ஒழுகும் கூரை என்று எழுதிப் பழகியவர்கள் நாம். இந்த வாரம் சீமையில் செய்த வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி எழுதப் போகிறோம். அதுவும் ஒன்றல்ல, இரண்டு. ஜோடித் துப்பாக்கி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விஷயம் நம் வாசலுக்கே வந்து நிற்கும்.

துப்பாக்கி என்றால் நம் ஆட்களுக்குத் தெரிந்தது இரண்டு விதம். 1948 முதல் 1960 வரை நடந்த அவசர காலத்தில் தோட்டத்துத் துரைமார்கள் கையிலும் இடுப்பிலும் இருந்தது ஒன்று. செம்பனைக் கன்றைக் கிளறிப் போடும் பன்றியை அடிக்க லைசென்ஸ்காரர் கொண்டு வருவது மற்றொன்று. நாம் சொல்ல வந்தது இந்த இரண்டும் இல்லை. இங்கிலாந்துப் பிரபுக்கள் பறவை சுடுவதற்காகவே சொல்லிச் செய்த இரட்டைக் குழல் துப்பாக்கி. லண்டனில் பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பாஸ் என்ற கடைகள் இதற்குப் பேர் போனவை. பர்டி கடை 1814இல் தொடங்கியது. ஹாலண்ட் கடை 1835இல். பர்மிங்ஹாம் நகரத்தில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற கடை 1812இலேயே வந்துவிட்டது.

இன்றைக்கு பர்டி கடையில் ஒரு புதுத் துப்பாக்கிக்குச் சொல்லி வைத்தால் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் ஆகும். ஒன்றுக்குத்தான் அந்த விலை. ஜோடிக்கு அல்ல. செய்து முடிக்கப் பல நூறு மணி நேரக் கைவேலை பிடிக்கும். நூறு வருடத்துப் பழைய ஜோடி நல்ல நிலையில் ஏலத்துக்கு வந்தாலும் பத்தாயிரக்கணக்கான பவுனுக்குப் போகிறது. ஒரு இரும்பும் ஒரு மரக்கட்டையும் சேர்ந்த சாமானுக்கு ஏன் இந்த விலை? அதில் ரத்தினம் பதித்திருக்கவில்லை. இருப்பது கைவேலை. அதுதான் இந்த வாரம் நம் பேச்சு.

முதலில் ஏன் ஜோடி என்று பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீமையில் வேட்டை முறையே மாறிப் போயிற்று. அதற்கு முன் வேட்டைக்காரன் நாயோடு நடந்து போய்ப் பறவையைத் தேடிச் சுடுவான். பிறகு பிரபுக்கள் நின்ற இடத்தில் நிற்க, கிராமத்து ஏழை ஜனங்கள் வரிசையாகக் காட்டுக்குள் இறங்கித் தடியால் புதரைத் தட்டிக்கொண்டு வருவார்கள். கிளம்பும் பறவைகள் கூட்டங்கூட்டமாகப் பிரபுக்களின் தலைக்கு மேல் பறக்கும். இரட்டைக் குழலில் இரண்டு குண்டுதான். இரண்டும் தீர்ந்தால் மறுபடி போடுவதற்குள் பறவை போய்விடும். ஆகவே பிரபுவின் பின்னால் ஒரு ஆள் நிற்பான். காலியான துப்பாக்கியை அவனிடம் கொடுத்துவிட்டு, குண்டு போட்டு வைத்திருக்கும் இரண்டாவது துப்பாக்கியை வாங்கிச் சுடுவார். இப்படியே மாற்றி மாற்றி.

இதில்தான் தொழில் நுணுக்கம் வருகிறது. இரண்டாவது துப்பாக்கி கைக்கு வந்ததே கைக்குத் தெரியக் கூடாது. எடை ஒன்று, கட்டையின் நீளம் ஒன்று, தோளில் அமரும் வளைவு ஒன்று, விசையை இழுக்க வேண்டிய பலம் ஒன்று. கட்டை மரத்தைக்கூட முடிந்தால் ஒரே வாதுமைத் துண்டிலிருந்து அறுத்து, ரேகையும் நிறமும் ஒத்துப் போகும்படி பார்ப்பார்கள். எது எது என்று அடையாளம் தெரிய 1, 2 என்று தங்கத்தில் எண் பதிப்பார்கள். சில வேளை ஒரு துப்பாக்கி செய்து பல வருடம் கழித்து அதற்கு இணை கேட்பார்கள். அப்போது முன்பு செய்தவனின் கைப்பாங்கைப் பார்த்து, வேறொரு தொழிலாளி அதே போல் செய்து தர வேண்டும். நினைத்துப் பாருங்கள், எவ்வளவு கை சுத்தம் வேண்டும்!

அந்த வேட்டைக்கு வந்த சீமானுக்கு என்ன பெயர் தெரியுமா? ‘கன்’ என்றே பெயர். இன்று எட்டுத் துப்பாக்கி என்றால் எட்டுக் கனவான்கள் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆயுதத்தின் பெயரால் எஜமானை அழைத்த அதே நாட்டில் ஆலைத் தொழிலாளியை எப்படி அழைத்தார்கள்? ‘ஹேண்ட்ஸ்’ என்றார்கள். கைகள்! நூறு ஆள் என்று சொல்லாமல் நூறு கை. முகம் இல்லை, பெயர் இல்லை, வெறும் கை. நம் தோட்டத்திலும் பிரட்டுக்களத்தில் தலையைத்தானே எண்ணினார்கள்?

ஆனால் பறவைக்குக் கணக்கு உண்டு. ஒவ்வொரு பெரிய மாளிகையிலும் வேட்டைப் புத்தகம் என்று ஒன்று இருக்கும். எந்தத் தேதி, எந்தக் காடு, எந்தப் பிரபு, எத்தனை பறவை, எல்லாம் எழுத்தில் இருக்கும். 1913ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் பக்கிங்ஹாம்ஷயரில் ஹால் பார்ன் என்ற இடத்தில் லார்ட் பர்ன்ஹாம் வேட்டை நடத்தினார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் வந்திருந்தார். ஒரே நாளில் விழுந்த ஃபெசன்ட் கோழிகள் 3,937. அதில் ஆயிரத்துக்கு மேல் மன்னர் ஒருவரே சுட்டது. இந்த மன்னரை நம் பாட்டன்மார்களுக்கும் தெரியும். கூலியாக எண்ணி வாங்கிய காசில் இருந்தது இவர் தலைதான்.

இன்னொருவர் ரிப்பன் பிரபு. சென்னையில் ரிப்பன் கட்டடம் இருக்கிறதே, அது இவருடைய தகப்பனார் பெயரில் உள்ளது. தகப்பனார் 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைசிராய். மகன் வேட்டையில் சூரர். வாழ்நாளில் சுட்ட உயிர்கள் 5 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கு எழுதி வைத்துவிட்டு, 1923இல் வேட்டைக் களத்திலேயே உயிரை விட்டார். 5 லட்சம் பறவைக்கும் மிருகத்துக்கும் கணக்கு உண்டு. பின்னால் நின்று குண்டு போட்டுக் கொடுத்தவனுக்கும், குளிரில் புதர் தட்டியவனுக்கும் அந்தப் புத்தகத்தில் எந்த இடம்?

புதர் தட்டிய அதே ஏழை, ராத்திரியில் பசிக்கு ஒரு முயலைப் பிடித்தால் என்ன ஆகும்? 1828ஆம் ஆண்டு இரவுத் திருட்டு வேட்டைச் சட்டம் ஒன்று இருந்தது. மூன்றாம் முறை பிடிபட்டால் 7 ஆண்டு கடல் கடந்து நாடு கடத்தலாம். பகலில் விரட்டினால் கூலி, இரவில் பிடித்தால் குற்றம்! குத்தகை விவசாயி தன் பயிரைத் தின்னும் முயலைத் தானே அடிக்கும் உரிமையைப் பெறுவதற்கே 1880இல் தனிச் சட்டம் வர வேண்டியிருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு தோழர் நம்மைக் கேட்பார்: “ஏன்யா, ஏழைங்களை ஏய்ச்ச சீமானோட விளையாட்டுச் சாமானை எதுக்கு இவ்வளவு புகழ்ந்து எழுதுறீங்க?” நியாயமான கேள்வி. நாம் சீமானைப் புகழவில்லை. சுட்டவன் வேறு, செய்தவன் வேறு. சுட்டவனைப் பற்றி எழுதப் புத்தகங்கள் நிறைய உண்டு. செய்தவனைப் பற்றி நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவது?

சரி, செய்தவன் வேலையைப் பார்ப்போம். ஒரு துப்பாக்கியை ஒருவன் செய்வதில்லை. குழல் செய்பவன் ஒருவன். நடுவில் உள்ள இரும்புப் பகுதியைக் குழலோடு பொருத்துபவன் ஒருவன். கட்டை செதுக்குபவன் ஒருவன். சித்திரம் வெட்டுபவன் ஒருவன். கடைசியில் எல்லாவற்றையும் சரிபார்த்து முடிப்பவன் ஒருவன்.

குழல்காரன் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பான். உள்சுவரில் விழும் நிழல்கோடு வளைந்தால் குழல் வளைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பான். பொருத்துகிறவன் வேலை இன்னும் அதிசயம். சின்ன விளக்கை ஏற்றி அதன் புகைக் கரியை இரும்பின் மேல் படிய வைப்பான். இரண்டு பாகத்தையும் மூடித் திறப்பான். கரி எங்கே ஒட்டியதோ அங்கே மேடு என்று பொருள். அந்த இடத்தை அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி மூடல், மறுபடி அரம். எல்லா இடத்திலும் கரி ஒரே சீராகப் படியும் வரைக்கும் நாள் கணக்கில் இதே வேலை. கட்டைக்காரன் ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்துத் தேய்த்து வாரக் கணக்கில் மரத்துக்குப் பளபளப்பு ஏற்றுவான். சித்திரக்காரன் சின்ன உளியால் ரோஜாவும் கொடியும் வெட்டுவான். உளி ஒரு முறை வழுக்கினால் பல மாத உழைப்பு பாழ். அவனுக்கும் உளி, நமக்கும் உளி!

செய்து முடித்த குழலை அப்படியே விற்றுவிட முடியாது. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுச் சோதித்து முத்திரை குத்த வேண்டும். லண்டனில் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637இலேயே அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்ஹாமில் 1813இல் சட்டப்படி சோதனைக்கூடம் வந்தது. முத்திரை இல்லாத குழலை விற்பது குற்றம். தொழிலில் கண்டவன் கை வைக்காதபடி தொழிலே தனக்கு வேலி போட்டுக் கொண்டது. பழைய வழக்கப்படி ஒரு பையன் 7 வருடம் எடுபிடியாக இருந்து கற்ற பிறகுதான் அவனைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்வார்கள்.

இப்படிச் செய்த துப்பாக்கியின் பக்கத் தகட்டில் அழகான எழுத்தில் ஒரு பெயர் வெட்டியிருக்கும். யார் பெயர்? கடைக்காரர் பெயர். செய்தவன் பெயர் எங்கே? குழலைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில், கட்டைக்குள் மறைந்து போகும் இடத்தில், கடுகு போல இரண்டு எழுத்து குத்தியிருக்கும். அதுதான் அந்தத் தொழிலாளியின் முதலெழுத்து. பிரபு வாழ்நாள் முழுவதும் அந்தத் துப்பாக்கியைத் தோளில் வைத்தாலும் அந்த இரண்டு எழுத்து அவர் கண்ணில் படாது. பட வேண்டும் என்று அவன் குத்தவும் இல்லை. நாளைக்கு இதே துப்பாக்கி பழுது பார்க்க வரும்போது, திறந்து பார்க்கும் இன்னொரு தொழிலாளிக்குத் தெரியட்டும் என்று குத்தினான். இது என் கைவேலை, குறை இருந்தால் என்னைக் கேள் என்கிற நெஞ்சு நிமிர்வு அது.

ஃபிரெடரிக் பீஸ்லி என்று ஒரு தொழிலாளி. பர்டி கடையில் வேலை செய்தவர். சுட்ட பிறகு துப்பாக்கி தானாகவே திறந்து கொடுக்கும்படியான ஒரு விசை அமைப்பை அவர் கண்டுபிடித்து 1880இல் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையை பர்டி கடைக்கே கொடுத்தார். நூற்றி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் பர்டி இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு அதே அமைப்புதான். உலகம் அதை பர்டி துப்பாக்கி என்கிறது. பீஸ்லி பெயர் தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். பர்மிங்ஹாமில் கதை வேறு. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கடையில் ஃபோர்மனாக இருந்த ஆன்சன் என்பவரும் டீலி என்ற மேலாளரும் சேர்ந்து 1875இல் ஒரு அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அது இன்று வரை ஆன்சன் டீலி என்றே அழைக்கப்படுகிறது. பெயர் எழுதப்பட்டால் நிலைக்கும். எழுதப்படாவிட்டால் கடைப்பெயருக்குள் கரைந்து போகும். இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது.

இன்னும் ஒரு சங்கதி. தகப்பன் இறந்த பின் மூத்தவனுக்கு முதல் துப்பாக்கி, இளையவனுக்கு இரண்டாவது என்று பங்கு பிரித்துவிடுவது உண்டு. அப்படிப் பிரிந்த துப்பாக்கி ஒவ்வொன்றும் முழுசாகத்தான் இருக்கும். நன்றாகச் சுடும். ஆனாலும் இரண்டின் விலையைக் கூட்டினால் ஜோடியின் விலை வராது. பிரிந்து போனதை மறுபடி சேர்த்து வைக்க வியாபாரிகள் வருடக் கணக்கில் தேடி அலைவார்கள். பால்வெட்டுக்காரர் வேறு, செம்பனை வெட்டுபவர் வேறு, நம்மவர் வேறு, இந்தோனேசியர் வேறு, வங்காளதேசி வேறு என்று பிரிந்து நிற்கும் தொழிலாளர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தனித்தனியாக நாமும் முழு ஆள்தான். விலை பேசும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இப்போது விஷயம் நம் வாசலுக்கு வந்துவிட்டது.

பால்மரம் வெட்டுவது என்ன வேலை? பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய உயிர்த்தோல் இருக்கிறது. உளி அதைத் தொடக் கூடாது. தொடாமலும் விடக் கூடாது, பால் வராது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும். ஒட்டு மரமானால் 30 டிகிரி சாய்வு, இடமிருந்து வலமாக இறக்கம். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் செலவாகலாம். கூடினால் மரத்தின் ஆயுள் குறையும். காயம் பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிற்பாடு அந்த இடத்தில் உளி ஓடாது. இத்தனையும் இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு மரத்துக்குச் சில விநாடிதான் என்ற வேகத்தில், ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மரத்துக்கு! சீமைத் தொழிலாளி விளக்குக் கரி வைத்து நாள் கணக்கில் அளந்ததை நம் அம்மா கைவிரலால் அளந்தார். அரம் பிடித்தவன் தப்பு செய்தால் இரும்பை மாற்றலாம். மரத்தின் உயிர்த்தோலை யார் மாற்றித் தருவது?

செம்பனை மட்டும் லேசா? உயரத்தில் இருக்கும் குலையைக் கீழே உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்தே பழுத்ததா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். நீளமான கம்பில் கட்டிய அரிவாளால் மட்டையை அறுத்துக் குலையை இறக்க வேண்டும். அது எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்து ஒதுங்கவும் வேண்டும்.

இந்த வேலைக்குக் காகிதத்தில் என்ன பெயர்? திறன் குறைந்த வேலை. அதைவிட வருத்தம், நம் ஆட்களே அதை நம்பிவிட்டார்கள். முப்பது வருடம் பால் வெட்டிய ஒரு அக்காவிடம் “என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “சும்மா தோட்ட வேலைதான் தம்பி” என்பார். சும்மாவா? சும்மா என்ற சொல்லை முதலில் நாம் விட்டொழிக்க வேண்டும்.

நாம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். துப்பாக்கித் தொழிலாளியும் தன் கைத்திறனால் பணக்காரன் ஆகிவிடவில்லை. பர்மிங்ஹாமில் அவனும் பீஸ் கணக்குக் கூலிதான். வேலை இருந்தால் சோறு, இல்லாவிட்டால் பட்டினி. லாபம் கடைக்குத்தான் போயிற்று. ஆனால் அவனுக்கு ஒன்று மிஞ்சியது. அவன் செய்தது திறன்மிக்க வேலை என்பதை முதலாளியால் மறுக்க முடியவில்லை. கற்ற ஆண்டு கணக்கில் இருந்தது, முத்திரை சட்டத்தில் இருந்தது, முதலெழுத்து இரும்பில் இருந்தது. நமக்கு இந்த மூன்றும் இல்லை. அதனால்தான் நம் திறமை மரப்பட்டையோடு மறைந்து போகிறது.

2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று சட்டமாகியிருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். போராடிப் பெற்றதும்தான். ஆனால் நேற்று உளி பிடித்தவருக்கும் 1,700, முப்பது வருடம் காயம் போடாமல் வெட்டியவருக்கும் அதையொட்டியே என்றால் அது என்ன நியாயம்? குறைந்தபட்சச் சம்பளம் என்பது தரை. அதையே கூரை ஆக்கிவிடப் பார்க்கிறார்கள். தொழில் தெரிந்த கைக்குத் தனி விலை வேண்டும். கூட்டு ஒப்பந்தப் பேச்சில் திறனுக்கும் அனுபவத்துக்கும் தனிப்படி கேட்க வேண்டும். அனுபவத்தைக் கணக்கிட்டுத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. கிளைச் செயலாளர்கள் அதைத் தொழிலாளர்களுக்கு எடுத்துச் சொல்லி, பாரம் நிரப்பவும் கூட நின்று உதவ வேண்டும். இது சங்கத்தின் வேலை இல்லை என்றால் வேறு எதுதான் சங்கத்தின் வேலை?

தோட்டத்தை விட்டுப் பட்டணம் போய்விட்ட தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அப்பா, அம்மா, தாத்தா எந்தத் தோட்டத்தில், எத்தனையாம் நம்பர் காட்டில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தனை மரம் வெட்டினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். ஒரு நாளில் செத்து விழுந்த 3,937 கோழிக்கு நூறு வருடம் தாண்டியும் கணக்கு இருக்கிறது. தோட்டத்தையே தூக்கி நிறுத்திய கைக்குக் கணக்கு இல்லை என்று நாளைக்கு நம் பேரப்பிள்ளை சொல்லும்படி விட்டுவிடக் கூடாது.

அந்தச் சீமைத் தொழிலாளிக்கு இரும்பின் அடியில் இரண்டு எழுத்துக்கு இடம் கிடைத்தது. நாம் முழுப் பெயரையும் எழுதுவோம், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில்.